கட்டுக்காசு, லன்ச்சீற், வாய்க்கால் குப்பை: எங்கட ஊரில கண்டதும் செய்துபாத்ததும்

வன்னியில கொஞ்சம் வயசு போன ஆக்கள் ரெண்டுபேர் சந்திச்சா எப்பிடியும் இந்தக் கதை வந்திரும், தடைக்காலத்தில நாங்கள் எப்பிடிச் சிக்கனமா இருந்தனாங்கள், ஒரு சாமானை வீசியிருப்பமா, இப்பத்தப் பிள்ளையளைப் பாருங்கோ எண்டு. நானும் அந்தக் காலத்து ஆள்தான். 90 இல சண்டை திரும்பத் தொடங்கினதோட வந்த பொருளாதாரத் தடை 2002 இல ஏ9 றோட்டுத் திறக்கும்வரைக்கும் ஏதோ ஒரு வடிவத்தில இருந்தது, பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, சீமெந்து இல்லை, மண்ணெண்ணையைத் துளித்துளியா அளந்து பாவிக்கிறது. ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சை வைச்சு கொஞ்ச எண்ணை விட்டு சைக்கிள் வால்வுக் குழாய்க்குள்ளால திரியை எடுத்துக் கொளுத்தின விளக்கிலதான் நான் படிச்சனான். செத்த பற்றறிக்கு ஆணியால ஓட்டை போட்டு உப்புத்தண்ணி விட்டா ரேடியோ இன்னும் கொஞ்சநேரம் முனகும். சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒருத்தர் பெடலைச் சுத்த மற்றவை டைனமோ கரண்டில செய்தி கேட்டது, சூப்பிப் போத்தலால ரெண்டு சொட்டுப் பெற்றோல் அடிச்சு ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணையில மோட்டச்சைக்கிள் ஓடினது, பனங்காய்க்களி போட்டு உடுப்புத் தோய்ச்சது, எல்லாம் உண்மைதான்.

ஆனா அதை வைச்சு, அப்ப எங்களுக்கு இயற்கையில அக்கறை இருந்தது இப்ப இல்லை எண்டு சொன்னா நான் ஒத்துக்கொள்ள மாட்டன். அது அக்கறையில்லை, வேற வழியில்லாமல் இருந்தது. வழி கிடைச்ச அண்டைக்கே எல்லாத்தையும் விட்டிட்டம். பாதை திறந்து லொறியள் வரத் தொடங்கினாப் பிறகு ஜாம் போத்தலைக் கழுவி எடுத்து வைச்ச ஒரு வீட்டை நான் காணேல்லை. 2022 இல நாட்டில பொருளாதார நெருக்கடி வந்தபோதும் இதேதான் நடந்தது, மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நிப்பாட்டினவை, பெற்றோலுக்கு வரிசை, பிறகு கியூஆர் கோட், காஸ் இல்லாமல் ரவுண் வீட்டுக்காரரும் விறகு தேடினவை, ஊர் முழுக்கச் சைக்கிள். அப்ப எத்தினை பேர் சொன்னவை இனி இப்பிடியே இருப்பம் உடம்புக்கும் நல்லம் எண்டு. பெற்றோல் தாராளமா வந்த உடன அந்தச் சைக்கிளெல்லாம் திரும்பக் கொட்டிலுக்குள்ள போயிட்டுது. தட்டுப்பாடு வந்தா சனம் சமாளிக்கும், ஆனா அதால ஒண்டையும் பழகாது. சாமான் குறையவேணும் குப்பை குறையவேணும் எண்டா அதுக்கு ஒரு ஒழுங்கு செய்து வைக்கோணும், ஆர் செய்யிறது, எங்க வைக்கிறது, ஆர் காசு குடுக்கிறது எண்டு. சனம் தானாத் திருந்தட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தா வாய்க்கால்தான் நிரம்பும்.

வாய்க்கால் எண்டு சொன்னது சும்மா பேச்சுக்கு இல்லை. நாங்கள் இருக்கிறது பரந்தன் முல்லைத்தீவு றோட்டுப் பக்கம், இரணைமடுக் குளத்துத் தண்ணியில வயல் செய்யிற ஊர். சிறுபோகத்துக்குத் தண்ணி திறக்க முதல் கமக்காரர் அமைப்பு கூப்பிடும், வயல்காரர் எல்லாரும் மண்வெட்டியோட போய் அவையவையின்ர பங்கு வாய்க்காலைத் துப்பரவாக்கோணும். முந்தி அதுக்குள்ள புல்லும் மண்ணும்தான் வரும். இப்ப மண்வெட்டி கொத்தினா பொலித்தீன் சிக்கி இழுபடுது, மண் ஒரு படை பொலித்தீன் ஒரு படையா இருக்கு. ஒருக்கா நான் ஒரு மதகுக்கு முன்னால இருந்ததை மட்டும் பிரிச்சு ஒவ்வொரு குவியலாப் போட்டுப் பாத்தனான், எங்கட வீடுகளில என்ன வாங்கிறம் எண்டு அறிய அதைவிட நல்ல கணக்குப் புத்தகம் கிடையாது. நூடில்ஸ் பக்கற், பிஸ்கற் பக்கற், பால்மாப் பக்கற், ஷாம்பு பைக்கற்று, சோடாப் போத்தல், கட்டினபடியே எறிஞ்ச சொப்பிங் பாக், அதுக்குள்ள சோத்தோட லன்ச்சீற் (சோறு சுத்திற மெல்லிசுப் பொலித்தீன் தாள்), களைநாசினிப் போத்தல், பிறகு பிள்ளையளுக்குக் கட்டுற பம்பஸ். பம்பஸ்தான் கூட. தண்ணியில ஊறி ஊறி ஒவ்வொண்டும் சின்னத் தலகணி மாதிரி வீங்கிப்போய்க் கிடந்தது.

இந்தத் தண்ணியில மிஞ்சிறது கடைசியா சுண்டிக்குளம் பக்கத்துக் களப்புக்குப் போகுது, மாரியில வெளிநாட்டுப் பறவையள் வந்து நிக்கிற இடம், 2015 இல தேசிய பூங்கா எண்டு அறிவிச்சும் இருக்கு. அங்க போகாமல் இடையில நிக்கிறதை மாடு திண்டுது. சோத்து மணத்துக்கு லன்ச்சீற்றோட சேத்து விழுங்கினா அது மாட்டின்ர வயித்துக்குள்ள கிடக்குமே தவிரக் கரையாது, அங்கால போகவும் மாட்டுது, கொஞ்சம் கொஞ்சமாச் சேந்து மாடு தீன் எடுக்கிறதை விட்டிட்டு மெலிஞ்சுகொண்டே போகும். வைத்தியர் வந்தாலும் அந்தக் கட்டத்தில செய்ய ஒண்டும் பெரிசா இருக்காது. அம்பாறையில பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில யானையள் பொலித்தீன் திண்டு செத்ததை ரீவியில பாத்து ஐயோ எண்டு சொன்ன நாங்கள், எங்கட வளவில மாடு ஏன் மெலியுது எண்டு யோசிக்கேல்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. லன்ச்சீற்றையும் றெஜிபோம் எண்ட வெள்ளை நுரைப் பெட்டியையும் 2017 செப்ரெம்பரில தடை செய்தவை. 2021 இல 20 மில்லிலீற்றருக்கு உட்பட்ட சின்னச் சஷே பைக்கற்றுகளைத் தடை செய்தவை, ஆனா சாப்பாட்டுச் சாமானுக்கும் மருந்துக்கும் விலக்கு. அதே நேரம்தான் பூச்சிமருந்தை பெற் போத்தலிலயும் பிவிசி போத்தலிலயும் அடைக்கக்கூடாது எண்டதும் வந்தது. பிளாஸ்ரிக் கரண்டி, ஸ்ட்ரோ, கோப்பை இதுகள் 2023 ஒக்ரோபரில. 2025 நவம்பரில இருந்து சொப்பிங் பாக்கைச் சும்மா குடுக்கக்கூடாது, விலையைப் பில்லில போடோணும். ரவுணில பெரிய கடைகளில இந்தக் கடைசி விசயம் நடக்குது, சனம் ரெண்டு மூண்டு ரூபாவுக்கே முகத்தைச் சுழிச்சுக்கொண்டு சாமானைக் கையில அள்ளிக்கொண்டு போறதை நானே பாத்திருக்கிறன். ஊர்க்கடையில கேட்டா கடைக்கார அண்ணை சொல்லுறார், "தங்கச்சி, நான் பாக்குக்குக் காசு கேட்டா உவை அடுத்த கடைக்குப் போடுவினம், பிறகு நான் பாக்கை வித்தா பிழைக்கிறது?" அவர் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு. எங்கட ஊரில மூண்டு கடையும் ஒரே நாளில சேந்து நிப்பாட்டினாத்தான் சரிவரும், அதுக்கு ஆராவது கூட்டம் வைக்கோணும், அது இன்னும் நடக்கேல்லை.

எரிக்கிற கதையையும் சொல்லோணும். குப்பை ட்ரக்ரர் மெயின் றோட்டால போகும், எங்கட உள் ஒழுங்கையளுக்கு வராது. அதால பின்னேரம் ஆனா ஒவ்வொரு வளவிலயும் ஒரு புகை. இலைசருகை எரிக்கிற பழக்கம் எங்களுக்கு எப்பவும் இருந்தது, அந்தப் பழக்கத்துக்குள்ள பிளாஸ்ரிக்கும் நைசா வந்து சேந்திட்டுது. பைப் துண்டு, வயர்த் தோல், றெக்சீன், இதுகளில இருக்கிற பிவிசியை வளவு நெருப்பில எரிச்சா டயொக்சின் எண்ட நஞ்சு வரும், சூடு காணாத நெருப்பில அது கூட. சாம்பலைக் கத்தரிக்குப் போடுற வீடுகளும் இருக்கு, கிணத்துக்குக் கிட்ட எரிக்கிற வீடுகளும் இருக்கு. நான் செய்யிறது சிம்பிள், வீட்டில மூண்டு உரப்பை கட்டி வைச்சிருக்கிறன், ஒண்டுக்குள்ள போத்தலும் தகரமும் பழைய இரும்புக்காரருக்கு, ஒண்டுக்குள்ள கழுவிக் காயவைச்ச பொலித்தீன், மற்றது கண்ணாடி. சமையல் கழிவு கோழிக்கும் எருக்கிடங்குக்கும். பொலித்தீன் பை நிரம்பினா மகன் மோட்டச்சைக்கிளில கொண்டுபோய் ட்ரக்ரர் வாற முச்சந்தியில குடுப்பான். கழுவிக் காயவைக்காட்டி ரெண்டு நாளில நாத்தம் எடுக்கும், எறும்பு வரும், பிறகு வீட்டில ஆரோ ஒருத்தர் ஆத்திரத்தில நெருப்பு வைச்சிடுவினம், அதால கழுவிறதுதான் இதில முக்கியமான வேலை.

இப்ப சாமான் எப்பிடி வீட்டுக்குள்ள வருது எண்ட பக்கத்துக்கு வாறன். 2009 இல சண்டை முடிஞ்சாப் பிறகு திரும்பி வந்த சனத்திட்ட ஒண்டும் இருக்கேல்லை, வீட்டுக் கதவு நிலையும் இல்லை, கிணத்துக் கப்பியும் இல்லை. தறப்பாளுக்குள்ள இருந்த மனுசருக்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரை வாங்கோணும், ஒரு ரீவி பாக்கோணும் எண்டு ஆசை வந்தா அதை ஆரும் பிழை சொல்லேலாது. வெளியில இருந்து வந்து எங்களுக்கு நுகர்வு கலாசாரம் கூடாது எண்டு வகுப்பெடுக்கிற ஆக்களைக் கண்டா எனக்கு இப்பவும் எரிச்சல்தான் வரும். ஆனா அந்த ஆசைக்குப் பின்னாலயே தவணைக் காசுக்குச் சாமான் குடுக்கிற கட்டுக்காசுக்காரரும் வந்தவை, லீசிங் வந்தது, கிழமைக் கடன் வந்தது. வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு சாமானை இறக்கிப்போட்டுப் போவினம், கிழமை தவறாமல் காசுக்கு வந்து படலையில நிப்பினம். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். 2018 இல அரசாங்கம் வரட்சி மாவட்டங்களில பெண்களின்ர ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்யிற அளவுக்கு அது போனது, கிளிநொச்சி முல்லைத்தீவு எல்லாம் அந்தப் பட்டியலில இருந்தது. கடனைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கினம். எழுதாமல் விட்டது என்னெண்டா, அந்தக் கட்டுக்காசு முடிய முதலே சாமான் குப்பையாப் போனது.

எங்கட வீட்டுக் கிரைண்டரைச் சொல்லுறன். உள்ளுக்க மோட்டரையும் ஜாரையும் பிணைக்கிற ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பல்லுச் சில்லு, சண்டிக்கீரைத் தண்டளவு பலமும் இல்லை, உளுந்து அரைக்கேக்க தேஞ்சு போச்சுது. பரந்தனில திருத்திற தம்பியிட்டக் கொண்டுபோனன். கழட்டிப் பாத்திட்டு, "அக்கா, மோட்டர் நல்லாத்தான் இருக்கு, உந்தச் சில்லு மட்டும்தான். ஆனா உந்த மொடலுக்குத் தனியாச் சாமான் வராது, புதுசு எடுக்கிறதுதான் லாபம்" எண்டார். நல்ல மோட்டர், செப்புக் கம்பி, இரும்பு, எல்லாம் ஒரு சில்லுக்காக வீசவேணுமாம். அதே வீட்டில அம்மான்ர கைத்தையல் மெசின் இருக்கு, இடம்பெயரேக்க உரப்பையால சுத்தி வளவுக்குள்ள புதைச்சிட்டுப் போய், திரும்பி வந்து மாமரத்தை அடையாளம் வைச்சுக் கிண்டி எடுத்தது. துருப்பிடிச்சு இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணையில ஊறவைச்சு, தேங்காயெண்ணை இல்லை மெசின் எண்ணைதான், ஒவ்வொரு ஓட்டையிலயும் விட்டு விட்டு ஆட்டிக்கொண்டிருக்க ஒரு கிழமைக்குள்ள சில்லுச் சுத்தத் தொடங்கினது, இண்டைக்கும் அதிலதான் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறம். இதில பழசு நல்லம் புதுசு கூடாது எண்டு இல்லை, திருகாணி போட்டுப் பூட்டினதை நாங்களே கழட்டலாம், பசை போட்டு ஒட்டினதைக் கழட்டேலாது.

அண்டையில இருந்து எந்த மின்சாமான் வாங்கினாலும் கடைக்காரரிட்டக் கேக்க முதல் திருத்திற தம்பியிட்டத்தான் போய்க் கேக்கிறது, எந்த மொடலுக்குச் சாமான் கிடைக்குது எண்டு. அவருக்குத் தெரிஞ்சளவு விளம்பரத்துக்குத் தெரியாது. போனுக்கும் அப்பிடித்தான். ஒரு போன் தன்ர காலம் முழுக்க ஏற்படுத்திற சூழல் பாதிப்பில பெரும்பங்கு அதைச் செய்யேக்கதான் நடக்குது, நாங்கள் சார்ஜ் போடுறதில இல்லை. அப்ப பற்றறியை மாத்திப்போட்டு இன்னும் ரெண்டு வருசம் பாவிச்சா அதுதான் பெரிய வேலை. 2022 இல உலகம் முழுக்க 6 கோடியே 20 லட்சம் தொன் மின்னணுக் குப்பை சேந்ததாம், அதில கணக்குவழக்கோட மீள்சுழற்சிக்குப் போனது கால்வாசியும் இல்லை. எங்கட ஊரில செத்த போனெல்லாம் லாச்சிக்குள்ள கிடக்கு, அது ஒரு வகையில எரிக்கிறதைவிட நல்லம்.

பிறிட்ஜ் வாங்கிறதா வேண்டாமா எண்டு எங்கட வீட்டில பெரிய வழக்கே நடந்தது. நான் வேண்டாம் எண்டு நிண்டதுக்குக் காரணம் சுற்றுச்சூழலும் இல்லை ஒண்டும் இல்லை, கரண்ட் பில்தான். மாசம் 60 யூனிற்றுக்குள்ள நிண்டா ஒரு விலைப்பட்டியல், 60 ஐத் தாண்டினா முதல் யூனிற்றில இருந்தே வேற விலைப்பட்டியல். 59 க்கும் 61 க்கும் இருக்கிற வித்தியாசத்தைப் பில்லில கண்டவைக்குத் தெரியும். கடைசியில சின்னனா ஒண்டு, இன்வேட்டர் மொடல், வாங்கினதுதான், அம்மாவுக்கு இன்சுலின் வைக்கோணும் எண்டு வந்தாப் பிறகு வழக்கு முடிஞ்சுது. ஆனா மீற்றரை கிழமைக்கு ஒருக்காப் பாத்து கலண்டரில எழுதுற பழக்கம் அண்டையில இருந்து வந்தது, அதால தேவையில்லாமல் எரிஞ்ச பல்ப்பும், ஓடிக்கொண்டே இருந்த ரீவியும் தானா நிண்டுது. பிள்ளையளுக்கு காலநிலை மாற்றம் எண்டு சொல்லிப் பாத்தன் கேக்கேல்லை, 60 எண்டு சொன்னன் கேட்டினம்.

உடுப்பு விசயத்தில நான் இன்னும் தோத்துக்கொண்டுதான் இருக்கிறன். இப்ப கடைக்கே போகத் தேவையில்லை, இரவு எட்டு மணிக்கு ஆரோ ஒரு பிள்ளை லைவ்வில வந்து சாறியைத் தோளில போட்டுக் காட்டும், "அக்காமார், ஒண்டே ஒண்டுதான் இருக்கு" எண்டு சொல்லும், மூண்டாம் நாள் கூரியர்க்காரர் படலையில. போதாததுக்கு கல்யாணவீடு எண்டா சொந்தக்காரப் பொம்பிளையள் எல்லாருக்கும் ஒரே நிறம், அதை ரெண்டாந்தரம் கட்டினா ஆல்பத்தில தெரிஞ்சிருமாம். என்ர மச்சாள் ஒருத்தி கிளிநொச்சியில காமென்ற்ஸில வேலை செய்யிறாள், வெளிநாட்டுக்காரருக்கு நல்ல துணியில விளையாட்டு உடுப்புத் தைச்சுக் குடுத்திட்டு வந்து, சம்பளக் காசில ரெண்டு தரம் தோய்ச்சா நூல் கிளம்பிற சட்டையை வாங்கிறாள். நான் அவளிட்டச் சொல்லுறது ஒண்டுதான், துணியைக் கையால கசக்கிப் பார், பருத்தியா இல்லையா எண்டு பார். எங்கட வீடுகளில ஒரு பருத்திச் சீலை கட்டிக் கிழிஞ்சாப் பிறகுதான் அதின்ர வேலை தொடங்கும், ஏணை கட்டுறது, பிள்ளைக்குத் துண்டு, பிறகு அடுப்படித் துணி, கடைசியாத் திரி. பொலியஸ்ரர்ச் சீலை ஏணைக்கும் வழுக்கும், துடைச்சாத் தண்ணியும் இழுக்காது, திரியாக் கொளுத்தினா உருகிச் சொட்டும். தோய்க்கேக்க அதில இருந்து கழருற கண்ணுக்குத் தெரியாத நூலும் பிளாஸ்ரிக்தான், அதுவும் வாய்க்காலுக்குத்தான் போகுது.

இனி நாங்கள் உண்மையா ஏதோ உருப்படியாச் செய்த ஒரே விசயத்துக்கு வாறன், சபைச் சாப்பாடு.

வன்னியில முந்தி பெரிய விசேசம் எண்டா தாமரை இலை. குளத்துக்குள்ள இறங்கி இலை வெட்டிக்கொண்டு வாறதுக்கெண்டே ரெண்டு பெடியள் இருப்பினம், பச்சை இலையில சுடுசோறு விழ ஒரு மணம் வரும் பாருங்கோ, அதுக்கே பசிக்கும். சாப்பிட்டு முடிய இலையை மாடு திண்டிடும், குப்பை எண்டு ஒண்டு மிஞ்சாது. பிறகு மண்டபம் வந்தது, பபே வந்தது, பிளேற்றுக்கு மேல லன்ச்சீற் போட்டுச் சாப்பாடு வைக்கிற கூத்து வந்தது. பிளேற் கழுவிற வேலை மிச்சம் எண்டு அந்த வேலையை மாட்டின்ர வயித்துக்குக் குடுத்தது. செத்தவீட்டில இன்னும் மோசம், எட்டு நாளும் வாற போற ஆக்களுக்கு எல்லாம் பிளேன்ரீ, எல்லாம் மெல்லிசுப் பிளாஸ்ரிக் கப்பில, கொதிக்கக் கொதிக்க ஊத்தினா கப் கையிலயே நெளியும். பேப்பர் கப் நல்லம் எண்டு சிலபேர் மாறினவை, அதுக்கும் உள்பக்கம் ஒரு பிளாஸ்ரிக் படை பூசித்தான் இருக்கு, இல்லாட்டி ரீ ஒழுகாதோ.

எங்கட மாதர் சங்கத்தில சில்வர் ரம்ளரும் பிளேற்றும் வாங்கி ஊருக்குப் பொதுவா வைப்பம் எண்டு கதை வந்தது. காசுக்குக் கனடாவில இருக்கிற ஊர்ப்பிள்ளை ஒண்டு உதவி செய்தது, ஆனா தாயின்ர பேரை எல்லாத்திலயும் வெட்டோணும் எண்டு ஒரு நிபந்தனை. எங்களுக்கு முதல் ஒரு மாதிரித்தான் இருந்தது, ரம்ளருக்கு எதுக்கு நினைவஞ்சலி எண்டு. பிறகு பாத்தா அதுதான் காவல், பேர் வெட்டின ரம்ளரை ஆரும் வீட்டில ஒளிச்சு வைக்கேலாது.

சாமான் வந்த பிறகும் ஒருத்தரும் கேக்கேல்லை. அலுமாரிக்குள்ள மினுங்கிக்கொண்டு கிடந்தது. ஏன் எண்டு வீடு வீடாக் கதைச்சுப் பாத்தா ஒரே மறுமொழிதான், ஆர் கழுவிறது? அதில முழு நியாயம் இருந்தது. கல்யாணவீட்டில ஆம்பிளையள் பந்தல் போடுவினம், கதிரை அடுக்குவினம், லைற் கட்டுவினம், ரம்ளர் கழுவ ஒருத்தரும் வரமாட்டினம். ஏற்கெனவே சமைச்சுக் களைச்ச பொம்பிளையளுக்கு இன்னொரு வேலையைக் கொண்டுவந்து தலையில கட்டிப்போட்டு அதுக்குச் சுற்றுச்சூழல் எண்டு பேர் வைச்சா ஆர் வருவா? பிளாஸ்ரிக் கப் வந்ததால அந்தப் பொம்பிளையளுக்கு ஒரு ஓய்வு கிடைச்சது, அதைப் பறிக்கிறம் எண்டா பதிலுக்கு ஏதாவது குடுக்கோணும். அதால கழுவிறதுக்குக் கூலி எண்டு முடிவெடுத்தம். வேலை தேவையான ரெண்டு அம்மாமார் எங்கட ஊரிலயே இருக்கினம், விசேசக்காரர் வாடகையோட சேத்து அவையின்ர நாட்கூலியையும் முதலே சங்கத்திட்டக் கட்டோணும். கணக்குப் பாத்தா பிளாஸ்ரிக் கப்புக்கும் பிளேற்றுக்கும் லன்ச்சீற்றுக்கும் குடுக்கிற காசை விடப் பெரிசா கூட இல்லை, பெரிய கல்யாணம் எண்டாக் குறைவுதான். செத்தவீட்டுக்கு வாடகை இல்லை, கூலியைச் சங்கமே குடுக்கும். செத்தவீட்டில தொடங்கினதாலதான் இது பிடிச்சுது எண்டு நான் நினைக்கிறன், அந்த நேரம் ஆருக்கும் பாஷன் பாக்க மனம் வராது, கொண்டுவந்து வைச்சதில குடிப்பினம், பிறகு கல்யாணவீட்டுக்கும் அது பழகிடும்.

கொரோனாவுக்குப் பிறகு ஆக்கள் பொதுக் கப்பில குடிக்கப் பயந்தவை. அதுக்கு ஒரு கிடாரத்தில தண்ணியைக் கொதிக்க வைச்சு, கழுவின ரம்ளரைக் கம்பிக் கூடையோட உள்ளுக்க இறக்கி எடுக்கிறம், சனத்தின்ர கண்ணுக்கு முன்னாலதான் அதைச் செய்யோணும், அடுப்படிக்குப் பின்னால செய்தா நம்பமாட்டினம். கழுவிறதுக்கு மூண்டு சருவம், முதலாவதில சாம்பலும் தேசிக்காய்த் தோலும் தும்பும், ரெண்டாவது அலசல், மூண்டாவது நல்ல தண்ணி, மூண்டாவது ஊத்தையாக அதை ரெண்டாவதுக்கு மாத்திறது. பைப்பைத் திறந்து விட்டுக் கழுவினதோட பாக்க இதில தண்ணி நல்லாக் குறையும், ஊத்தைத் தண்ணி வாழைக்குப் போகும். ஆவணி புரட்டாதியில கிணறு அடியில நிக்கேக்க பிளேற்றை வெளியில எடுக்கிறதே இல்லை, ரம்ளர் மட்டும்தான், சாப்பாடு இலையில. குளம் வத்தினாத் தாமரையும் இல்லை, அப்ப வாழையிலைதான், காசு குடுத்து வாங்கோணும், வாங்குவம்.

வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு சனம் நடந்து போகேக்க வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தல் போடுறவை. உப்புத்தண்ணியில விளக்கெரியிற கோயில், அந்தப் பக்திக்கு ஒரு குறையும் இல்லை, ஆனா அடுத்தநாள் விடியப் பாத்தா றோட்டு ரெண்டு கரையும் கப். நாங்கள் எங்கட பந்தலில ரம்ளர் வைச்சுப் பாத்தம், அதில மட்டும் சரிவரேல்லை, நடந்து போற சனம் நிண்டு குடிச்சிட்டுத் தரப் பொறுமை இல்லை, வரிசை நீண்டுது, பக்கத்துப் பந்தலுக்குப் போட்டினம். பிறகு, கையில போத்தல் கொண்டாறவைக்கு நிரப்பிக் குடுக்கிறது, மற்றவைக்கு ரம்ளர், பந்தலுக்கு முன்னால ஒரு பெடியன் நிண்டு "குடிச்சிட்டுத் தாங்கோ" எண்டு வாங்கிக்கொண்டிருக்கிறது எண்டு மாத்தினம். கொஞ்சம் பரவாயில்லை. அந்தப் பெடியன் இல்லாட்டி எல்லாம் போச்சு.

களைநாசினிப் போத்தலுக்கும் ஒரு வழி பிடிச்சிருக்கு. மருந்து அடிக்கிற இடத்திலயே மூண்டுதரம் அலசி அந்தத் தண்ணியையும் தாங்கிக்குள்ளயே விடுறது, மருந்தும் வீணாகாது, வாய்க்காலில கழுவிறதும் நிக்கும். பிறகு போத்தலுக்கு ஓட்டை போட்டு ஒரு பீப்பாவுக்குள்ள சேக்கிறம். ஓட்டை கட்டாயம், இல்லாட்டி ஆரோ மண்ணெண்ணை வாங்கக் கொண்டு திரிவினம்.

பம்பஸுக்குத்தான் வழி தெரியேல்லை. எரிச்சா எரியாது, உள்ளுக்க இருக்கிற ஜெல் தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கு. தாட்டா நாய் கிண்டும். இளம் தாய்மாரிட்டத் துணி கட்டுங்கோ எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை, விடிய ஆறு மணிக்கு காமென்ற்ஸ் பஸ் பிடிக்கிற பிள்ளைக்கு இரவில நாலு துணி தோய்ச்சுப் போடு எண்டு சொல்லுறது ஆர்? இப்போதைக்கு எங்கட ஒழுங்கையில மூண்டு தாய்மார் பகலில வீட்டில நிக்கேக்க துணி, இரவுக்கும் பயணத்துக்கும் பம்பஸ் எண்டு வைச்சிருக்கினம். அந்தப் பம்பஸில இருக்கிறதைக் கக்கூசுக்குள்ள தட்டிப்போட்டு, சுருட்டிக் கட்டி, மூடி இருக்கிற ஒரு வாளிக்குள்ள சேத்து, ட்ரக்ரர் வாற நாள் முச்சந்திக்குக் கொண்டுபோகினம். மாரி தொடங்கினா ட்ரக்ரர் ஒழுங்கா வராது, அப்ப வாளி நிரம்பிவிடும், அந்த ரெண்டு மூண்டு மாசத்துக்கு என்ன செய்யிறது எண்டு அடுத்த சங்கக் கூட்டத்தில எடுக்க இருக்கிறம், உள் ஒழுங்கைக்கு மாசம் ரெண்டு தரமாவது ட்ரக்ரர் வரோணும் எண்டு கையெழுத்து வாங்கிக் குடுக்கிறதெண்டு. கூட்டத்துக்கு ஆம்பிளையளையும் கூப்பிட்டிருக்கு.